அங்கணத்தில் சொட்டும் நீர்

நம் பாட்டிமார் காலத்து வீடுகளில், பாத்திரம் கழுவ அடுக்களை மூலையில் அங்கணக்குழி ஒன்று இருந்தது. கழுவிய நீர் தரையோடு ஓடிக் கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் பாய்ந்தது. இன்று நின்றபடியே கழுவ எஃகுத் தொட்டி வந்துவிட்டது. இடுப்பு நோவு குறைந்தது உண்மையே. ஆயினும் தொட்டியின் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில், நான்கைந்து இணைப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்று நெகிழ்ந்தாலும் அலமாரிப் பலகை ஊறி உப்புகிறது, கரப்பான் பெருகுகிறது, விடியலில் அடுப்பு மூட்ட வரும் முதிய தாயார் ஈரத்தில் வழுக்கி விழவும் நேர்கிறது.

சிறு சொட்டு, பெரு நட்டம்

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்து ஊர்கள். தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துவிடுவதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே இவை பெரிதும் நம்பியுள்ளன. இராஜபாளையத்து ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நிரம்பினால் ஊரார் முகம் மலர்வதும், வற்றினால் வாடுவதும் நாம் அறிந்ததே. நீரூற்றுகளைக் காக்கும் இம்மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாயிற்று. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று.

காடு காத்துத் தரும் நீரை நம் வீட்டுக் குழாய் வீணாக்கலாமா? ஒழுகும் குழாயின் கீழ் ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 200 மில்லி சேர்ந்தால், ஒரு நாளில் 4.8 லிட்டர், முப்பது நாளில் 144 லிட்டர். ஏறத்தாழப் பத்துக் குடம் நீர் வீணாகிறது!

ஒழுகுமிடம் எது?

முதலில் தொட்டியின் அடிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். எவரும் புழங்காத வேளையிலும் தாள் நனைந்தால், நீர் வரும் குழாயில் குறை. தொட்டியை அடைத்து நீர் நிரப்பியதும் நனைந்தால், வடிவாயைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் குறை. அடைப்பை எடுத்த பின்னரே நனைந்தால், கீழ்க்குழாய் இணைப்பில் குறை.

சீர்செய்யும் முறை

குழாய் சொட்டினால் வால்வை மூடி, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடித்துவிடுங்கள். திருகுக் குழாயின் தலைப்பகுதியைக் கழற்றித் தேய்ந்த வாஷரை மாற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிந்திருந்தால் சுரண்டித் துடைக்க வேண்டும். மரையில் நீர் கசிந்தால், முன்னாளில் சணல் நூல் சுற்றினர். இப்பொழுது டெஃப்லான் நாடா கிடைக்கிறது. மரை முறுக்கேறும் திசையிலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றுதல் வேண்டும்.

வடிவாய் ஒழுகினால் பழைய ரப்பர் வளையத்தை நீக்கி, அவ்விடத்தை நன்கு உலர்த்திப் புதியதைப் பொருத்துங்கள். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கினால் பெரும்பாலும் போதும். வலிமை காட்டினால் நட்டு வெடித்துவிடும். பத்து ரூபாய் வேலை நூறு ரூபாய் ஆகும். அடியிலுள்ள வளைகுழாயைத் தேவையற்றதென நீக்கிவிடாதீர்கள். அதில் தங்கி நிற்கும் நீரே சாக்கடை நாற்றம் வீட்டினுள் ஏறாமல் தடுக்கிறது.

கொதிக்கும் வடிகஞ்சியை நேரே தொட்டியில் ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். அச்சூட்டில் பி.வி.சி. குழாய் இளகி வளைகிறது, இணைப்பு விலகுகிறது. ஆறவைத்து மாட்டுக்கு வைக்கலாம். மாடு இல்லையேல் பச்சைத்தண்ணீர் கலந்து ஊற்றலாம். எண்ணெய்ப் பிசுக்கை முதலில் தாளால் துடைத்தெடுப்பதும் நலம்.

வண்டிக்குள் அடுக்களை

சமையலறையோடு கூடிய பயண வண்டிகளும் இந்நாளில் வந்துள்ளன. கேரள அரசு 2021இல் அவற்றுக்கெனத் திட்டமே வகுத்தது. ஓடும் வண்டியின் குலுக்கலில் விறைப்பான குழாயின் இணைப்பு விரைவில் தளரும்; ஆகவே அங்கு வளையும் குழாயும் நன்கு பிடிக்கும் கிளிப்பும் ஏற்றவை. நெடும்பயணம் முடிந்ததும் ஒவ்வோர் இணைப்பையும் கையால் தடவிப் பார்த்தல் தகும்.

அன்பு வாசகர்களே! "தொட்டி ஒழுகுகிறது" என்று இல்லத்தரசி சொல்லி எத்தனை வாரம் ஆயிற்று? துணி பிழிந்து பிழிந்து அவர் கை சலித்திருக்கும். வாஷர் வாங்குவதும் திருப்புளி பிடிப்பதும் ஆண்மக்களும் பிள்ளைகளும் கற்கக்கூடியவையே. வருகிற விடுமுறை நாளில் அரைமணி நேரம் ஒதுக்குவோம். நம் வீட்டுத் தரை காயும். ஊரின் நீரும் சற்றே மிஞ்சும்.