படியேறும் படகு

நீர் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிப் பாயும். பள்ளத்திலிருந்து மேட்டிற்கு ஏறாது. அவ்வாறாயின், நீரில் மிதக்கும் படகு குன்றின் மீது ஏற இயலுமா? இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள பிங்லி என்னும் ஊரில், இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் படகுகள் அவ்வாறு ஏறி வருகின்றன.

லீட்ஸ் நகரையும் லிவர்பூல் துறைமுகத்தையும் இணைக்கும் கால்வாய் அவ்வூர் வழியே செல்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 204 கிலோமீட்டர். 1770இல் தொடங்கிய பணி 1816இல்தான் நிறைவுற்றது. நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் ஏற்றிய படகுகளை, கரையில் நடந்த குதிரைகள் கயிற்றால் இழுத்துச் சென்றன. பிற்காலத்தில் சரக்குகள் இரயிலுக்கும் சாலைக்கும் மாறிவிட்டன. இன்று அக்கால்வாயில் செல்வோர் பெரும்பாலும் உல்லாசப் பயணிகளே. அவர்கள் செல்லும் 'நேரோபோட்' எனப்படும் ஒடுங்கிய படகின் அகலம் 2 மீட்டரைச் சற்றே கடக்கும். அதனுள் சமையலறையும் படுக்கையும் உண்டு. மணிக்கு 6 கிலோமீட்டர் அளவே அது செல்லும். விரைந்து சென்றால் அலைகள் மோதிக் கரை அரிக்கப்படும்.

காலையில் பிங்லியில் புறப்படும் படகின் எதிரே, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து பெரிய தொட்டிகள் நிற்கின்றன. இவற்றை 'லாக்' என்பர். நாம் நீர்ப்பூட்டு எனலாம். 1774இல் இவை திறக்கப்பட்டபோது 30,000 பேர் திரண்டு வந்தனர் என்பர். ஐந்தும் சேர்ந்து படகை ஏறத்தாழ 18 மீட்டர் உயர்த்துகின்றன. ஒரு தொட்டியின் மேற்கதவே அடுத்த தொட்டியின் கீழ்க்கதவாகும்.

படகின் முன்பகுதிக்கு அணியம் என்று பெயர். அணியம் முதல் தொட்டிக்குள் நுழைந்து, முழுப் படகும் உள்ளே வந்ததும், பின்னால் கதவுகள் மூடப்படுகின்றன. பிறகு 'ட' என்னும் எழுத்தைப் போல் வளைந்த இரும்புக் கைப்பிடியால் மதகைச் சுழற்றித் திறக்கின்றனர். மேல்தொட்டியின் நீர் கீழ்த்தொட்டிக்குள் பாய்கிறது, படகு உயர்கிறது. இரு தொட்டிகளிலும் நீர்மட்டம் சமமானால்தான் கதவு திறக்கும். அதுவரை எத்தனை பேர் தள்ளினாலும் அது அசையாது. நீரின் அழுத்தமே அதற்குத் தாழ்ப்பாள்.

ஏறும் படகிற்கு அடித்தொட்டி வற்றியிருக்க வேண்டும். மற்ற நான்கும் நிரம்பியிருக்க வேண்டும். இவ்வொழுங்கு பிறழ்ந்தால் படகு நடுவழியில் நீரின்றி நிற்கும். இறங்கும் படகிற்கோ வேறோர் ஆபத்து உண்டு. மேற்கதவின் அடியில் கல்லாலான படி ஒன்று நீருக்குள் மறைந்திருக்கும். நீர் வடியும்போது படகின் பின்பகுதி அதன்மேல் தங்கிவிட்டால், முன்பகுதி மட்டும் தாழ்ந்து படகே மூழ்கக்கூடும். ஆகவேதான் இங்குக் காவலர் இல்லாமல் எந்தப் படகும் செல்ல முடியாது.

படகு ஏறினாலும் இறங்கினாலும் நீர் கீழேதான் செல்கிறது. ஒரு தொட்டியின் நீளம் ஏறத்தாழ 19 மீட்டர், அகலம் 4.3 மீட்டர், நீர் உயரும் அளவு 3.6 மீட்டர். பெருக்கிப் பாருங்கள். ஒரு படகு மேலேறக் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் லிட்டர் நீர் செலவாகிறது! இந்நீரை மலைமேல் உள்ள நீர்த்தேக்கங்கள் தர வேண்டும். மழை பொய்த்த 2010ஆம் ஆண்டுக் கோடையில், இக்கால்வாயின் பெரும்பகுதியைப் படகுகளுக்கு மூடிவிட்டனர். மழைக்குப் பெயர் பெற்ற நாட்டிலும் இந்த நிலை!

ஐந்தாம் தொட்டியைக் கடந்தபின் ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு நீர்ப்பூட்டே இல்லை. இனி ஓய்வு என்று எண்ணினால் அது தவறு. வயலுக்கும் ஊருக்கும் இடையே தாழ்வான சுழல் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றைத் திறப்பது பயணிகளின் வேலை. ஒருவர் கரையில் இறங்கி, பூட்டை விடுவித்து, பாலத்தோடு இணைந்த நீண்ட தூலத்தை உடல் வலிமையெல்லாம் திரட்டித் தள்ளுவார். பாலம் கதவைப் போல் ஒருபுறம் திரும்பும். சாலையில் உள்ள சில பாலங்கள் மின்விசையால் இயங்குகின்றன. அங்கே படகிற்காகக் கார்கள் காத்து நிற்கும்.

ஒரு சிக்கலும் உண்டு. பாலம் சுழலும் அச்சு பெரும்பாலும் நடைபாதைக்கு எதிர்க்கரையில் இருக்கும். அக்காலத்தில் குதிரை இழுத்த கயிறு பாலத்தில் சிக்காமல் செல்வதற்காக இவ்வாறு அமைத்தனர். ஆதலால், திறப்பவர் பாலத்தின் மீது நடந்து அக்கரை சேர்ந்து, அங்கிருந்து தள்ள வேண்டும். படகு கடந்ததும் பாலத்தை மூடி, அதன் வழியே இக்கரை வந்து படகில் ஏறுவார். தனியே பயணம் செய்பவர் என்ன செய்வார்? அவர் அக்கரையில், படகு இக்கரையில், நடுவே திறந்த பாலம்! அவ்வழியே நடந்து வருபவரிடம் உதவி கேட்பதே அவருக்கு எளிய வழி.

சில்ஸ்டன், கில்ட்விக் ஆகிய ஊர்களைக் கடந்து, மாலையில் படகு ஸ்கிப்டன் நகரை அடைகிறது. பிங்லியிலிருந்து காரில் வந்தால் அரை மணி நேரமே ஆகும். பயணிகள் கரையில் முளை அடித்துப் படகைக் கட்டிவிட்டு, இரவு உணவைச் சமைக்கத் தொடங்குகின்றனர்.