கல்லுக்குள் ஒரு மரவீடு

வடக்கு எத்தியோப்பியாவின் அக்சும் நகரில் 21 மீட்டர் உயரக் கல்தூண் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் ஒரு கதவு. கதவில் பூட்டுகூட இருக்கிறது. ஆனால் திறக்க முடியாது. கதவும் பூட்டும் தூணும் எல்லாமே ஒரே கல்! அண்ணாந்து பார்த்தால் மாடிக்கு மேல் மாடியாக ஜன்னல்கள். மாடிகளுக்கு நடுவே வட்ட வட்டமாகச் சில புடைப்புகள், சட்டைப் பொத்தான்கள்போல வரிசை கட்டி நிற்கின்றன.

இந்த வட்டங்களுக்குக் ‘குரங்குத் தலை’ என்று பெயர். கேலிப் பெயர் இல்லை. ஆய்வு நூல்களிலும் இதுதான் பெயர். ஒரு கட்டடத்துக்கு எதற்குக் குரங்குத் தலை?

விடை சுவரின் வயிற்றுக்குள் இருக்கிறது. பழைய எத்தியோப்பியக் கொத்தனார் சிறுசிறு கற்களை மண்சாந்தில் பதித்துத் தடித்த சுவர் எழுப்பினார். சுண்ணாம்பு கிடையாது. இப்படிப்பட்ட சுவர் உயர உயர, மேல்பாரம் தாங்காமல் மூட்டை பிதுங்குவதுபோல இரு பக்கமும் பிதுங்கும். அதைத் தடுக்க, சில வரிசைகளுக்கு ஒருமுறை சுவரின் உள்முகத்திலும் வெளிமுகத்திலும் நீளவாக்கில் உத்திரங்களைப் படுக்கவைத்தார். பிறகு சுவரின் குறுக்கே உருட்டுக் கட்டைகளைச் செருகி, அந்த உத்திரங்களின் மேல் கவ்வும்படி வெட்டுக் கொடுத்துப் பூட்டினார். இரண்டு முகங்களும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டன. இன்றைய கான்கிரீட்டில் கம்பி செய்கிற வேலையில் ஒரு பங்கை அங்கே மரம் செய்தது. குறுக்குக் கட்டையின் நுனி சுவருக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டு நின்றதே, அதுதான் குரங்குத் தலை. தூணில் தெரிவது அதன் கல் நகல்.

இந்த உத்தி எவ்வளவு பழையது? அக்சுமுக்குக் கிழக்கே யேஹா என்னும் சிற்றூருக்குப் போக வேண்டும். அங்கே கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று, கூரை போய்விட்டாலும், நான்கு மாடி உயரத்துக்கு இன்னும் நிற்கிறது. இழைத்த கற்களைச் சாந்தே இல்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். அல்மாக்கா என்ற தெய்வத்துக்கான கோயில் அது. செங்கடலுக்கு அக்கரையில், இன்றைய ஏமனில் வாழ்ந்த சபா மக்களின் தெய்வம். கடலின் குறுகிய இடத்தில் இரு கரைக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான். எழுத்தும் தெய்வமும் கல்வேலையும் படகேறி வந்ததில் வியப்பில்லை.

அதே யேஹாவில், கல்லும் மரமும் கலந்து கட்டிய இன்னொரு பெருங்கட்டடத்தையும் தோண்டியெடுத்திருக்கிறார்கள். பெயர் கிராத் பெஅல் கெப்ரி. ஏமனின் ஷப்வா நகரிலும் மரச்சட்டம் போட்ட மாளிகை இருந்தது. ஆக, யார் யாரிடம் கற்றார்கள்? எல்லாமே அரேபியக் குடியேறிகள் கொண்டுவந்தது என்று முன்பு எழுதினார்கள். இன்று உள்ளூர் மக்களுக்கு உரிய பங்கைக் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், 30 கிலோமீட்டர் கடலை வேலியாக நினைப்பதே தவறு. இரண்டு கரைக் கொத்தனார்களுக்கும் அது தெருதான்.

அக்சும் அரசு வளர்ந்ததும் அதன் துறைமுகமான அதுலிஸிலிருந்து யானைத் தந்தம் ரோமுக்கும் பிற நாடுகளுக்கும் போனது. செல்வம் சேர்ந்தது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் அரசர்கள் தங்கள் கல்லறைகளுக்கு மேல் இந்தத் தூண்களை நட்டார்கள். அவற்றில் மிகப் பெரியது 33 மீட்டர் நீளம், சுமார் 520 டன். பத்து டன் ஏற்றும் லாரி 52 வேண்டும். ஆனால் இது ஒரே துண்டு! கல் வெட்டிய இடம் நகருக்கு மேற்கே நாலு கிலோமீட்டர் தள்ளி. இழுத்து வந்துவிட்டார்கள், நிமிர்த்துவதில்தான் சறுக்கியது. நிமிர்த்தும்போதோ, நிமிர்த்திய சில காலத்திலோ சாய்ந்து உடைந்து, 13 மாடிகளோடு இன்றும் தரையில் கிடக்கிறது. 24 மீட்டர் தூண் ஒன்றை 1937இல் முசோலினியின் ஆட்சி ரோமுக்குக் கொண்டுபோனது. 2005இல் மூன்று துண்டுகளாக விமானத்தில் திரும்பி, 2008இல் மீண்டும் எழுந்தது.

4ஆம் நூற்றாண்டில் அரசர் எசானா கிறிஸ்தவத்தைத் தழுவினார். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து தேவாலயத்துக்கான வரைபடம் வந்தது: நீண்ட கூடம், இரு பக்கமும் தூண் வரிசை. சுவர் மட்டும் பழைய சுவர்தான். தெப்ரெ தாமோ மடத்தில் அதைப் பார்க்கலாம், கயிற்றைப் பிடித்துச் செங்குத்துப் பாறையில் சுமார் 15 மீட்டர் ஏறத் துணிந்தால். (ஆண்களுக்கு மட்டுமே அனுமதி.) அங்கே குரங்குத் தலைகள் நிஜமான மரம். ஜன்னல் சட்டத்தின் நாலு மூலையிலும் சதுரக் கட்டை நுனிகள் துருத்துகின்றன. இதே மடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குஷாணர் பொற்காசுகள் கிடைத்தன. வட இந்தியாவை ஆண்ட அரசர்களின் காசு, எத்தியோப்பிய மலை உச்சியில்!

பிறகு லாலிபெலா என்னும் எத்தியோப்பிய ஊர். 12, 13ஆம் நூற்றாண்டுகளோடு சேர்த்துப் பேசப்படும் 11 தேவாலயங்களும் பாறையைக் குடைந்தவை. இவற்றில் பேத்தெ கியோர்கிஸை நெருங்கும்போது தரை மட்டத்தில் சிலுவை வடிவக் கூரை மட்டும் தெரியும். சுற்றிலும் அகழி வெட்டி, சுமார் 12 மீட்டர் ஆழத்துக்கு மேலிருந்து கீழாகச் செதுக்கிய கட்டடம். அஸ்திவாரம் கடைசியில்! உளி தவறினால் ஒட்டவைக்க வழியில்லை.

அந்த அகழிக்குள் இறங்கிக் கீழ்வரிசை ஜன்னல்களைப் பாருங்கள். ஒப்புக்கு வைத்த ஜன்னல்கள், வெளிச்சம் நுழையாது. ஆனால் நாலு மூலையிலும் அதே சதுரக் கட்டை நுனிகள். பக்கத்திலுள்ள பேத்தெ அமானுவேலில் இன்னும் ஒருபடி மேலே போய், மரமும் கல்லும் மாறி மாறி வருகிற பட்டைகளையே முழுச் சுவரிலும் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். மரச்சுவரில் நுனியை நீட்டிக்கொண்டிருக்க விடுவது சுலபம், அறுக்கும் வேலை மிச்சம். பாறையில் அதே நுனி வேண்டுமென்றால், அதைச் சுற்றியுள்ள சுவர் முழுவதையும் உள்ளே தள்ளிச் செதுக்கியாக வேண்டும்.