அனிமே மேடையேறும்போது: 2.5 பரிமாண நாடகம்

கல்லூரி நாடக விழாவுக்கு, "அனிமே மாதிரி ஒண்ணு செய்யலாமா டீச்சர்?" என்று மாணவர்கள் கேட்டால், உடனே மறுத்துவிடாதீர்கள். விக்கும் உடையும் வாங்கக் கிளம்பும் முன், ஜப்பானில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று சேர்ந்து பாருங்கள்.

அங்கே இதற்கு '2.5 பரிமாண' நாடகம் என்று பெயர். வரைபடம் இரு பரிமாணம், நடிகர் முப்பரிமாணம். இது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெண்களே நடிக்கும் தகராசுகா குழு, இக்கேடா ரியோக்கோவின் 'வெர்சாய் ரோஜா' மங்காவை 1974இலேயே மேடையேற்றியது. 2003இல் 'டென்னிஸ் இளவரசன்' இசைநாடகம் வந்தபின் இவ்வகை பரவலானது.

பந்து எங்கே?
மேடையில் நிஜமாகப் பந்தை அடித்தால் பார்வையாளர் மடியில்தான் விழும். அதனால் ஒளிப்புள்ளி பறக்கிறது. அடிக்கும் சத்தம் கேட்கிறது. நடிகர் மட்டையை வீசி, கண்ணால் பந்தைத் தொடர்கிறார். மீதியை நாமே மனத்தில் பார்த்துக்கொள்கிறோம்.

ஆறு கைகள் எப்படி?
மியாசாகி ஹயாவோவின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) திரைப்படம், 2022இல் தோக்கியோ இம்பீரியல் அரங்கில் நாடகமானது. கொதிகலன் அறைக் கிழவர் காமாஜிக்கு ஆறு கைகள். கூடுதல் கைகளை மற்ற நடிகர்கள் நம் கண்முன்னேயே இயக்குகிறார்கள். இது புதிதல்ல. கபுக்கி மேடையில் கறுப்புடை அணிந்த 'குரோக்கோ' உதவியாளர்கள் நடமாடுவார்கள். கறுப்பு என்றால் 'அங்கே ஆள் இல்லை' என்று பார்வையாளர் எடுத்துக்கொள்வர்.

ஆக, காஸ்பிளேக்குத் தோற்றம் ஒத்துப்போனால் போதும், நாடகத்துக்குப் போதாது. படத்தில் கோடு செய்வதை மேடையில் உடலும் ஒளியும் ஒலியும் செய்ய வேண்டும். பணத்தைவிட ஒத்திகைதான் அதிகம் தேவை.

வகுப்பில் செய்து பார்க்க
1. அனிமேயில் மேடைக்கு முடியாத ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள்: பறத்தல், மறைதல், உருமாறுதல்.
2. நான்கு பேர், ஒரு துணி, ஒரு கைவிளக்கு மட்டும் கொண்டு அதை நடித்துக் காட்டுங்கள்.
3. பிறகு அதற்கு மேடைக்குறிப்பு எழுதுங்கள்.

பொதுமேடைக்குப் போவதென்றால் கதையைச் சொந்தமாக எழுதுங்கள். பிறர் கதைக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். உத்தியை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு
மேடைக்குறிப்பில் 'பயந்தான்' என்று எழுதினால் நடிகருக்குச் செய்ய ஒன்றுமில்லை. 'இரண்டடி பின்வாங்கி, கதவுப் பிடியைத் தேடினான்' என்றால் செய்யலாம். உங்கள் கதைக் கட்டுரையிலும் இப்படியே எழுதிப் பாருங்கள்.