சிலைக்கு இரண்டு வருஷம், நடுகல்லுக்கு எண்பது

கிம்மாஸிலிருந்து தம்பினுக்குப் போகும் சாலையில், கெமெஞ்சே பாலத்துப் பக்கம் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் அதைத் தாண்டித்தான் போகும். 1942 ஜனவரி 14 அன்று, சைக்கிள் மிதித்து வந்த ஜப்பான் படையைப் பாலத்தில் ஏறவிட்டு ஆஸ்திரேலியப் பட்டாளம் வெடிவைத்த இடம் அது. குவாலா பிலாவுக்குப் போனால், அதே ஆண்டு மார்ச்சில் பாரிட் திங்கியில் கொன்று குவிக்கப்பட்ட சீனர்களுக்குக் கல் இருக்கிறது. நெகிரி செம்பிலானில் போர்ச்சாவுக்குக் கல் வைக்காமல் இல்லை. ஆனால் தோட்டத்துப் பெரட்டுக் களத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்குப் போய்ச் செத்தவர்களுக்கு ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை.

சிலை என்றால் எங்களுக்குத் தெரிந்தது கோலாலம்பூர் துகு நெகாராதான். பள்ளிச் சுற்றுலாவில் பஸ் நிற்கும் முதல் இடம். 1960-இல் அமெரிக்கா போன பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், ஆர்லிங்டனில் கொடி நடும் வீரர்களின் சிலையைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். அதைச் செய்த பீலிக்ஸ் டி வெல்டனையே பிடித்தார். ஏழு வெண்கல உருவங்கள், 15 மீட்டருக்கு மேல் உயரம்; 1966 பிப்ரவரி 8 அன்று திறப்பு விழா. நம் நாட்டு வீரர்களுக்கு இவ்வளவு கூரான மூக்கு எங்கிருந்து வந்தது என்று சின்ன வயதில் கேட்டு வாத்தியாரிடம் திட்டு வாங்கினேன். இன்றும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தின் வெற்றிச் சின்னம் அது. தோட்டத்தில் அதற்குப் பெயர் கம்யூனிஸ்ட் காலம். லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை. காட்டுக்காரனுக்குப் போய்விடும் என்று பால்வெட்டுக்குக் கட்டுச்சோறுகூட எடுத்துப்போக விடமாட்டார்கள். அந்தக் காட்டுக்காரர்கள்தான் 1975 ஆகஸ்டில் சிலைக்கே வெடி வைத்தார்கள். அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1977-இல் சிலை பழையபடி எழுந்து நின்றது. சுற்றிலும் வேலி போட்டு, பொழுது சாய்ந்தால் ஆள் நுழைய முடியாதபடியும் செய்தார்கள்.

சிலையைச் செப்பனிட்டதில் எனக்குக் குறையில்லை. இரண்டே வருஷத்தில் முடிந்ததைப் பார்க்கும்போதுதான் மற்றொன்று உறுத்துகிறது.

1942-க்குப் பிறகு கித்தாவுக்கு விலை இல்லை, தோட்டத்தில் அரிசி இல்லை. தாய்லாந்தின் பான்போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் போட ஜப்பான்காரனுக்கு ஆள் வேண்டும். சம்பளம், சாப்பாடு, மூன்றே மாதம் என்றார்கள். ஆள் சேராத இடத்தில் லோரியை நிறுத்திப் பிடித்தார்கள். சாமான் ஏற்றும் பெட்டிகளில் அடைத்துச் சயாமுக்கு அனுப்பினார்கள். 1943 மழையில் காலரா வந்தது. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அவர்களுடைய டாக்டர்களாவது கூட இருந்தார்கள். தோட்டத்து ஆளுக்கு அதுவும் இல்லை. கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு ஏறக்குறைய 90,000 என்பது பரவலான கணக்கு. அதில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம்.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் 6,900-க்கும் மேற்பட்ட வீரர்களின் கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டிய தரையில் இருக்கின்றன. நம்மவர்களுக்கு முதலில் கல் நட்டது யார் தெரியுமா? கொன்ற கைதான். 1944-இல் ஜப்பான் ரயில் படை எழுப்பிய நினைவுத் தூணில் பல மொழிகளோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைத் துக்கம் என்பதா, கணக்கு முடித்தல் என்பதா?

நம் பக்கத்தில் முதலில் எழுத்துத்தான் எழுந்தது. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். அ. ரெங்கசாமி தன் நாவலுக்கு ‘நினைவுச் சின்னம்’ என்றே பெயர் வைத்தார். கல்லுக்கு 2024 மே 1 வரை பொறுக்க வேண்டியிருந்தது. தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில், தமிழ்நாடு அரசு கொடுத்த 10 லட்சம் ரூபாய் உதவியோடு, காஞ்சனபுரி தாவோர்ன் வராராம் புத்தக் கோயிலில் நடுகல் நட்டார்கள். நடுகல் என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல் அது. கட்டை சுமந்து செத்தவனுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

என் பாட்டியின் தம்பி சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. செத்த நாள் தெரியாததால் திதி கிடையாது. ஆடி அமாவாசைக்கு லயத்துப் பின்வாசலில் வாழை இலை போட்டு, கறுப்புக் கோப்பியும் ஒரு சுருட்டும் வைப்பார். கோப்பி ஆறும்வரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஒருமுறை நான் கேட்டேன்: “பாட்டி, சின்னத் தாத்தா செத்துட்டாருன்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லலடா” என்று இலையின் நுனியைத் திருப்பிப் போட்டார். “அதான் கோப்பி மட்டும் வைக்கிறேன். சோறு இன்னும் வைக்கல.”