பழைய படகு என்ஜின் வெறும் சத்தம் போடுதா? மாட்டியிருக்கிற உயரத்தைப் பாருங்க!

குளச்சல்,

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடலோர ஊர்களில் பைபர் படகுக்கும், வள்ளத்துக்கும் அவுட்போர்டு என்ஜின்தான் உயிர். புது என்ஜின் வாங்க எல்லோராலும் முடியுமா? பழைய என்ஜினை வாங்கி மாட்டி, பல வருஷம் ஓட்டுகிறவர்கள் உண்டு.

அப்படி மாட்டிய என்ஜின் சில நேரம் "வீல்" என்று கத்தும். ஆனால் படகு நகராது. எண்ணெய் மட்டும் காலியாகும். உடனே "பிஸ்டன் போச்சு, கார்புரேட்டர் போச்சு" என்று என்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். செலவு செய்தும் பலன் இருக்காது.

காரணம், கோளாறு என்ஜினுக்குள் இல்லாமல் அதை மாட்டிய உயரத்தில் இருக்கலாம். ஒரு படகுக்குப் பொருந்திய என்ஜின் அடுத்த படகுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

உயரம் கூடினால்...

என்ஜின் ரொம்ப மேலே இருந்தால் விசிறி காற்றை உறிஞ்சும். தண்ணீரைத் தள்ளாமல் சும்மா சுற்றும். அதைவிட ஆபத்து, என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் ஏறும் துவாரமும் மேலே வந்துவிடும். தண்ணீர் கிடைக்காத என்ஜின் சூடேறி நடுக்கடலில் 'ஜாம்' ஆகிவிடும். அப்புறம் துடுப்புதான் கதி.

ரொம்ப கீழே இருந்தால் என்ஜினின் கால் தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும். படகு வேகம் குறையும், பின்னால் தண்ணீர் வாரி அடிக்கும், எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். கரை ஏறும்போது விசிறி மணலில் இடிக்கும்.

அளப்பது எப்படி?

விசிறிக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும். 'கேவிட்டேஷன் பிளேட்' என்பார்கள். அதுதான் அளவுகோல்.

படகைக் கரையில் ஏற்றி, என்ஜினை நேராக நிறுத்துங்கள். வளையாத நீள ரீப்பர் ஒன்றை, நடுப்பகுதியை ஒட்டி, படகின் அடிப்பாகத்தோடு சேர்த்துப் பின்னால் நீட்டிப் பிடியுங்கள். ரீப்பரின் மேல் விளிம்புதான் படகின் அடி மட்டம். தகடு அந்த மட்டத்திலோ, அதற்கு கீழே ஒரு இஞ்ச் வரையோ இருந்தால் சரி. வலையும் ஐசும் ஏற்றி அலையில் போகும் படகுக்கு ஒரு இஞ்ச் கீழே இருப்பதே நல்லது. விசிறிக்கு முன்னால் தடித்த அடிக்கட்டை உள்ள வள்ளத்தில் தண்ணீர் கலங்கி வரும். அதற்கும் கொஞ்சம் இறக்கம் வேண்டும்.

வாங்கும் முன்பே பார்க்க ஒரு வழி இருக்கிறது. படகின் பின்பலகை உச்சியில் இருந்து அடி வரை அளந்துகொள்ளுங்கள். சுமார் 15 இஞ்ச் என்றால் 'ஷார்ட் ஷாப்ட்', 20 இஞ்ச் என்றால் 'லாங் ஷாப்ட்' என்ஜின் பொருந்தும்.

ஏற்றுவது எப்படி?

தகடு ஒரு இஞ்சுக்கு மேல் தாழ்ந்திருந்தால் பின்பலகை மேல் நல்ல தேக்குக் கட்டை வைத்து ஏற்றலாம். துண்டு துண்டாகச் செருகக்கூடாது. இரண்டு கிளாம்புக்கும் அடியில் வரும் ஒரே கட்டையாக, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அரை இஞ்ச், அரை இஞ்சாக ஏற்றிப் பாருங்கள். ஏற்றிய பிறகும் கிளாம்ப் ஸ்குரு பலகையின் விளிம்பில் நிற்காமல் கெட்டியான இடத்தில் அழுத்த வேண்டும்.

தகடு படகின் அடியைவிட மேலே நின்றால், பின்பலகையை வெட்டி என்ஜினை இறக்குகிறவர்களும் உண்டு. அது வேண்டவே வேண்டாம். வெட்டிய இடம் வழியாக அலை உள்ளே புகும். 'லாங் ஷாப்ட்' என்ஜினுக்கு மாறுவதே வழி.

ஓட்டிப் பாருங்க

வேலை செய்யும்போது பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். விசிறி திடீரென்று சுற்றினால் கை போய்விடும். என்ஜினைச் சங்கிலியாலோ, கயிற்றாலோ படகோடு கட்டுங்கள். கிளாம்ப் தளர்ந்தால் என்ஜின் கடலுக்குள் போய்விடும்.

அலை இல்லாத இடத்தில், வழக்கமான பாரத்தோடு முழு வேகத்தில் ஓட்டுங்கள். திரும்பும்போது என்ஜின் கத்தினால் அரை இஞ்ச் இறக்க வேண்டும். பல என்ஜின்களில் பக்கத்தில் சின்ன துவாரம் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அது நின்றுவிட்டால் உடனே என்ஜினை ஆப் செய்யுங்கள். துவாரத்தில் மணல் அடைத்திருக்கிறதா, தண்ணீர் பம்ப் பழுதா என்றும் பாருங்கள்.

உயரம் சரியாக இருந்தும் கத்தல் நிற்கவில்லையா? விசிறியின் இலை தேய்ந்திருக்கலாம், நடுவில் உள்ள ரப்பர் புஷ் வழுக்கலாம். அதையும் பார்த்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டு என்ஜினைப் பிரிக்கச் சொல்லுங்கள்.