செம்பருத்தியை வெட்டவில்லை

2010 கோடையில் எங்கள் பப்பாளித் தோட்டம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்துப்போனது. நிலக்கோட்டைக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே ஒன்றரை ஏக்கர். இலைக்கு அடியில், காம்பில், காயில் எங்கும் பஞ்சுபோல் மாவுப்பூச்சி. தொட்டால் பிசுபிசுப்பு. தண்டில் எறும்புச் சாரை வேறு. மருந்துக்கடையில் ஒன்று கொடுத்தார்கள், கேட்கவில்லை. அதைவிடக் காரமானதைக் கொடுத்தார்கள். மாவுப்பூச்சியின் மேல் மெழுகு படிந்திருப்பதால் மருந்து உள்ளே இறங்காது என்பது பிறகுதான் தெரிந்தது. செத்ததெல்லாம் அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள்.

இந்தப் பூச்சி மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்தது. இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டது 2008இல், கோவையில். சொந்த மண்ணில் அதை அடக்கிவைக்கும் குளவிகள் கூடவே வந்து சேரவில்லை. பப்பாளியிலிருந்து மரவள்ளி, மல்பெரி, பார்த்தீனியம் என்று பரவியது. பட்டுக்காரர்கள் பாடுதான் படுமோசம். மல்பெரிக்கு மருந்தடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவும் போய்விடுமே!

நம் ஊர்ப் பட்டாம்பூச்சி ஒன்றின் புழு மாவுப்பூச்சியைத் தின்னும். அதன் கூட்டுப்புழு அச்சு அசல் குரங்கு முகம். பார்க்க வேடிக்கைதான், ஆனால் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

2010இலேயே போர்ட்டோ ரிகோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, அடைத்துவைத்துச் சோதித்து, அக்டோபரில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வழியாக வயல்களில் விட ஆரம்பித்தார்கள். மூன்றில் கெட்டிக்காரன் அசிரோபேகஸ் பப்பாயே. கடுகில் பாதிகூட இருக்காது, நம்மைக் கொட்டாது. பெண் குளவி இளம் மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே தின்று, பூச்சியைப் பழுப்புக் கூடாக்கி, வட்டமாக ஓட்டை போட்டுக் குளவியாக வெளியே வரும். எல்லாம் ஏறக்குறைய பதினைந்தே நாளில்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு சின்னக் குப்பி. "இனிமே மருந்து மட்டும் தொட்றாதீங்கண்ணே" என்றார் கொண்டுவந்த தம்பி. கைத்தெளிப்பானைப் பரணில் ஏற்றிவிட்டுச் சும்மா இருந்த அந்த நாலு மாதம்தான் நான் பார்த்த விவசாயத்திலேயே கஷ்டமான வேலை.

கிணற்றடிச் செம்பருத்தியில் இப்போதும் வெள்ளை தலைகாட்டும். "ஏங்க, அதை வெட்டிப்போடுங்களேன்" என்கிறாள் வீட்டுக்காரி. பூச்சி அடியோடு போனால் குளவியும் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. போன வாரம் லென்ஸை அவள் கையில் கொடுத்தேன். ஒரே இலையில் பதினோரு ஓட்டை எண்ணினாள்.