பதினொரு மணி, இரண்டு நிமிடத்துக்குப் பிறகு

ஜனவரி 30 அன்று காலை 10.59க்குச் சங்கு ஊதத் தொடங்கும். 11 மணிக்கு நிற்கும். இரண்டு நிமிடம் மௌனம். 11.02க்கு மறுபடியும் சங்கு. விடுதலைப் போரில் உயிர் கொடுத்தவர்களுக்காக மத்திய உள்துறை வகுத்துவைத்திருக்கும் முறை இது. 1948இல் அதே நாள் மாலை 5.17க்குத்தான் டெல்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அதனால் அது தியாகிகள் தினம்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் அன்றைக்கே தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழியும் எடுக்கிறார்கள். தொழுநோய் எதிர்ப்பு தினமும் அதே நாள்தான். அதற்கும் ஓர் உறுதிமொழி உண்டு. உலகம் கண்டுகொள்ளாமல் விட்ட வெப்பமண்டல நோய்களுக்கான சர்வதேச தினமும் 2020லிருந்து அதே தேதியில் வந்து சேர்ந்துகொண்டது. தினசரி நாட்காட்டியில் கிழிப்பது ஒரு தாள். அதற்குள் நான்கு அனுசரிப்புகள்.

ஒரு தேதியை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டால் பெரியவர் சின்னவரை மறைத்துவிடுவார் என்பது நம் பழக்கம். அக்டோபர் 2 காந்தி பிறந்தநாள் என்று குழந்தைக்கும் தெரியும். 1975இல் அதே நாளில்தான் காமராஜர் மறைந்தார் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. செப்டம்பர் 5 என்றால் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் தின விழா. 1872இல் அன்று பிறந்த வ.உ.சிதம்பரனாருக்கு மாலை போடுவதோடு சரி. இவையெல்லாம் தற்செயலாக ஒன்றாக விழுந்த நாட்கள். ஜனவரி 30 அப்படியல்ல. அந்த நாளில் காந்தியையும் தொழுநோயையும் தெரிந்தேதான் சேர்த்து வைத்தார்கள். பிரெஞ்சுக்காரரான ரவுல் ஃபொலரோ 1954இல் தொடங்கிவைத்த உலகத் தொழுநோய் தினம் ஜனவரி கடைசி ஞாயிறில் வருகிறது. இந்தியா அதை காந்தியின் நினைவு நாளிலேயே நிலைநிறுத்திக்கொண்டது.

அதற்குக் காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் தன் வீட்டு வாசலுக்கு வந்த தொழுநோயாளி ஒருவரை உள்ளே அழைத்து, புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் காந்தி எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் சேவாகிராமத்துக்கு பர்ச்சுரே சாஸ்திரி வந்தார். எரவாடா சிறைக் காலத்திலிருந்து பழக்கமான சமஸ்கிருத அறிஞர், நோய் முற்றிப்போயிருந்தது. தன் குடிசைக்குப் பக்கத்திலேயே அவருக்கு இடம் கொடுத்து, தன் கையாலேயே எண்ணெய் தேய்த்துவிட்டார் காந்தி. அவருடைய நிர்மாணத் திட்டத்தின் 18 அம்சங்களில் தீண்டாமை ஒழிப்பும் உண்டு, தொழுநோயாளர் சேவையும் உண்டு. ஆகவே ஜனவரி 30இன் இரண்டு உறுதிமொழிகளும் ஒரே பட்டியலிலிருந்து வந்தவை. ஒருவரைத் தொடக்கூடாது என்று ஊர் முடிவு செய்வதுதான் இரண்டிலும் உள்ள கொடுமை.

இதைத் தோல் பதனிடும் வேலூர், ஆம்பூர் பக்கத்து மனிதர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோலைத் தொட்டவனைத் தொடாதே என்று சொன்ன சமூகம் இது. நோய் கண்டவனைத் தொடாதே என்று சொன்னதும் இதே சமூகம்தான். இரண்டுக்கும் பதில் தேடிய கதை பாகாயத்தில் இருக்கிறது. காட்பாடியில் டவுன் பஸ் ஏறி, வேலூரைக் குறுக்காகக் கடந்து, கடைசி நிறுத்தமான பாகாயத்தில் இறங்கினால் சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வளாகம். ஜனவரி 30ஐப் பற்றி எழுத வேண்டுமென்றால் இங்கிருந்துதான் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தக் கதையின் மையம் மருத்துவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரி பெற்றோரின் பிள்ளை. மருத்துவம் படிப்பதற்கு முன்பே தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றவர். 1946இல் வேலூருக்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தார். அவரை வரவழைத்த ராபர்ட் காக்ரேன் தொழுநோய் நிபுணர். ஒருநாள் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு பிராண்டை அழைத்துப் போனார். விரல்கள் மடங்கி, நகம்போல் வளைந்த கைகள் அங்கே வரிசையாக இருந்தன. இதற்கெல்லாம் யாருமே அறுவை சிகிச்சை செய்யவில்லையா என்று பிராண்ட் கேட்க, எலும்பு மருத்துவர் நீங்கள்தானே என்று காக்ரேன் திருப்பிக் கேட்டார். அங்கேயே ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பிடித்துப் பார்த்தார் பிராண்ட். தன் கை நொறுங்கிவிடும்போல அப்படியொரு பிடி! விரலை நிமிர்த்தும் சிறு தசைகள் செத்துவிட்டன. முன்கையின் தசைகள் திடமாக இருக்கின்றன. அப்படியானால் நல்ல தசையின் நாண் ஒன்றை எடுத்து விரலுக்கு மாற்றிக் கொடுத்தால் என்ன?

காந்தி மறைந்த அதே 1948இல் வேலூரில் அந்த அறுவை சிகிச்சை தொடங்கியது. தொழுநோயில் மடங்கிய கைகளை நிமிர்த்துவதில் உலகத்துக்கே முன்னோடி அது. ஆனால் கை நிமிர்ந்தவர்கள் சில மாதம் கழித்துத் திரும்பி வந்து சொன்னது யாரும் எதிர்பாராதது. கை நன்றாகிவிட்டதால் பிச்சை சரியாக விழவில்லை. தழும்பு இருப்பதால் வேலையும் எவனும் தரவில்லை. பிழைப்பே போய்விட்டது என்று முறையிட்டார்கள். அதற்குப் பிறகுதான் 1951இல் பாகாயம் வளாகத்துக்குள்ளேயே சில மண் வீடுகளைக் கட்டி நவஜீவ நிலையத்தை ஆரம்பித்தார் பிராண்ட். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் அங்கே தங்கி மரவேலை பழகினார்கள், பொம்மை செய்தார்கள். தச்சு வேலை தெரிந்த மருத்துவர் கூடவே நின்று சொல்லிக் கொடுத்தார்.

மருத்துவ வரலாற்றையே திருப்பிய ஒரு விஷயம் பிராண்டுக்குப் பிடிபட்டது, ஒரு துருப்பிடித்த பூட்டின் முன்னால். சாவியைத் திருப்பிப் பார்க்கிறார், அசையவில்லை. பக்கத்தில் நின்ற சிறுவன் ஒருவன், தொழுநோயாளி, நான் திறக்கிறேன் என்று சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று அவன் கையைப் பார்த்தால் ரத்தம். சாவி விரலைக் கிழித்து எலும்பு வரை போயிருந்தது. அவனுக்கு எதுவுமே தெரியவில்லை.

அதாவது, நோய் விரலைத் தின்பதில்லை. நரம்பு மரத்துப்போவதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரம் சுடுகிறது, கூர்மையான கருவி கிழிக்கிறது, புண் ஆறுவதற்குள் மறுபடியும் அடிபடுகிறது. அப்படித்தான் விரல் குட்டையாகிறது. ஒரு கணக்கு மட்டும் இடித்தது. சிலருக்கு ராத்திரி இருந்த விரல் நுனி காலையில் இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து காவல் பார்த்தபோது விடை கிடைத்தது: எலி. தூங்குகிறவரின் விரலை எலி கடிக்கிறது. அவர் புரண்டுகூடப் படுப்பதில்லை. அன்றிலிருந்து, வீட்டுக்குத் திரும்பும் நோயாளி ஒவ்வொருவரும் கையோடு ஒரு பூனையைக் கொண்டுபோக வேண்டும் என்று விதி வந்தது.

காலுக்கு வருவோம். இங்கேதான் நம் ஷூ கம்பெனி ஊர்களின் பங்கு. மரத்த காலுக்குச் சாதாரணச் செருப்பு எமன். சோலில் அடித்த ஆணி பாதத்தில் ஏறினாலும் தெரியாது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. முள்ளிலும் கல்லிலும் நடந்துகொண்டே இருப்பார்கள். நடக்கும்போது பாதத்தின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணின் மூலம் என்று பாகாயத்திலும், 1955இல் காட்பாடியைத் தாண்டி எழுந்த கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் கண்டறிந்தார்கள். அந்த அழுத்தத்தைப் பரவலாக்க மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரை உள்ளே வைத்தார்கள். அடியில் கெட்டியான சோல், மேலே தோல் வார். ஆணி கிடையாது, பசையும் தையலும்தான். குதிகாலுக்குப் பின்னால் கட்டாயம் ஒரு வார். எம்.சி.ஆர். செருப்பு என்றால் தொழுநோய்ப் பணியாளர் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் காலைக் காத்த செருப்பே ஆளைக் காட்டியும் கொடுத்தது. அந்தக் கறுப்புச் செருப்பைத் தூரத்தில் பார்த்தே, இவனுக்கு அந்த நோய் என்று ஊர் ஒதுங்கியது. புண்ணே பரவாயில்லை என்று கழற்றி வைத்தவர்கள் உண்டு. நிறமும் மாடலும் மாறி, மற்றவர்கள் போடுவதைப் போலவே அதைத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் நிலைமை சற்று மாறியது. நல்ல செருப்பு எது என்பதற்கு மருத்துவர் சொல்லும் விடை பாதிதான். போட்டுக்கொண்டு வெட்கப்படாமல் தெருவில் நடக்க முடிகிறதா என்பது மீதி. அந்த மீதியைச் செய்து தர தோல் அறிந்த கையால்தான் முடியும். இன்று அதே எம்.சி.ஆர். செருப்பை, சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் கடையில் தயக்கமில்லாமல் கேட்டு வாங்குகிறார்கள்.

பாகாயத்திலேயே இன்னொருவர். மேரி வர்கீஸ், சி.எம்.சி. மருத்துவர். 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் பாகாயத்தில் வந்த மறுவாழ்வு மருத்துவ நிலையம் அவர் உழைப்பில் எழுந்தது. தண்டுவடம் அடிபட்டவர்கள் இன்றும் இந்தியாவின் பல மூலைகளிலிருந்து அங்கே வருகிறார்கள்.

இப்போது மருந்து இருக்கிறது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் நோய் தீர்ந்துவிடும். முதல் சில வேளை மருந்திலேயே மற்றவருக்குப் பரவும் வாய்ப்பு போய்விடுகிறது. அரசு இலவசமாகத் தருகிறது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே என்ற எல்லையை இந்தியா 2005இல் தொட்டது. ஒழிந்தது என்று பலரும் எண்ணிக்கொண்டது அதனால்தான். ஒழியவில்லை. ஆண்டுதோறும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். உலகக் கணக்கில் பாதிக்கு மேல் நம்முடையது. தொழுநோயாளிகளை அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. விவாகரத்துக்குத் தொழுநோயை ஒரு காரணமாக வைத்திருந்த பிரிவுகள் 2019 வரை நம் தனிநபர் சட்டங்களில் இருந்தன. மருந்து வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் சட்டம் பயந்துகொண்டிருந்தது என்றால், அண்டைவீட்டார் பயப்படுவதைப் பற்றி என்ன சொல்ல?

எனவேதான் ஜனவரி 30இன் மௌனத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலை. தியாகிகளுக்கு மௌனம் பொருத்தம். தொழுநோய்க்கு மௌனம் ஆகாது. அந்த நோயை இத்தனை காலம் வளர்த்ததே மௌனம்தான். கல்யாணம் நின்றுவிடும், வேலை போய்விடும் என்று தேமலைச் சட்டைக்குள் மறைத்து, நரம்பு கெட்ட பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! 11.02க்குச் சங்கு ஊதியதும் பேச்சு ஆரம்பிக்க வேண்டும். உறுதிமொழியை வேகமாக வாசித்து முடித்துக் காபிக்குக் கலைந்துவிடக் கூடாது.

பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்திலோ ஆம்பூர்க் கம்பெனியிலோ, அடுத்த ஜனவரி 30 அன்று உறுதிமொழி வாசிக்கும் இடத்தில் உங்கள் கையில் பொறுப்பு இருந்தால், இரண்டு காரியம் செய்யுங்கள். நோயிலிருந்து குணமான ஒருவர் சம்மதித்தால் அவரையே மேடைக்கு அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக் குலுக்குங்கள். பிறகு, கூடியிருப்பவர்களிடம் இதைச் சத்தமாகச் சொல்லுங்கள்: உடம்பில் எங்காவது வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி தெரியவில்லையென்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது.